சன்ஷேடுக்கு அடியில் குளவிக் கூடு: வடசென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எம்.கே.பி. நகர் பக்கம் தெரிந்தவர்கள் யார் வீட்டில் குளவி கட்டினாலும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறவன் என்பதுதான் காரணம். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன். இப்போதுதான் யாரையாவது கொட்டியிருக்கிறது என்றால் நேராக 14, 15ஆம் கேள்விகளுக்குப் போய்விடுங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

1. "சன்ஷேடுக்கு அடியில இன்னாவோ தொங்குது சார். தேன்கூடா, குளவிக் கூடா?"

சாம்பல் நிறம், ஒரே ஒரு மெல்லிய காம்பில் தொங்குகிறது, அறைகள் கீழ்நோக்கித் திறந்து கிடக்கின்றன என்றால் அது காகிதக் குளவியின் கூடு. தாமரைக் காயைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். நம் வீடுகளில் பெரும்பாலும் ஐந்து ரூபாய்க் காசு அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரைதான் பார்க்கிறோம்.

தேன்கூடு மெழுகால் ஆனது. மலைத்தேனீ தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் ஹவுசிங் போர்டு மாடி ஓரங்களிலும் ஒரு மீட்டர் அகலத்துக்குக்கூடக் கட்டும். கூடே கண்ணுக்குத் தெரியாதபடி ஆயிரக்கணக்கான தேனீக்கள் அதை மூடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் குளவி என்று நினைத்துக் கை வைத்துவிடாதீர்கள். கீழே நான் சொல்லும் எந்த யோசனையும் மலைத்தேனீக்குப் பொருந்தாது.

பூச்சியை வைத்தும் சொல்லலாம். தேனீ குண்டாக, உடம்பெல்லாம் ரோமமாக இருக்கும். குளவிக்கு இடுப்பு ஒடிந்துவிடும் போலச் சிறுத்திருக்கும், மேனி வழவழப்பாக இருக்கும். பறக்கும்போது நீளமான கால்கள் தொங்குவது தெரியும்.

2. "குளவின்னா எல்லாம் ஒன்னுதானே? மண்ணுல கட்டுறதும் அதானே?"

இல்லை. கதவு மூலையிலும் ஸ்விட்ச் போர்டு ஓட்டையிலும் மண்ணால் கட்டுவது தனிக் குளவி. ஒரே ஒரு தாய், அவளுக்கு ஒரு கூடு, அவ்வளவுதான். காவலுக்குக் கூட்டம் கிடையாது. கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய அது கொட்டுவது அபூர்வம். மண்குளவி கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று சொல்லி அதைக் கலைக்க விடாத பாட்டிகள் ராயபுரத்தில் இன்றும் உண்டு. அந்த நம்பிக்கையால் யாருக்கும் கெடுதல் இல்லை.

காகிதக் குளவி கூட்டுக்குடும்பமாக வாழும். நம் ஊரில் இரண்டு வகை அதிகம் கண்ணில் படும். ரோபாலிடியா என்பது சிறியது, செம்பழுப்பு நிறம். பாலிஸ்டஸ் கொஞ்சம் பெரியது, மஞ்சள் தூக்கலாக இருக்கும். மூன்றாவதாகக் கதண்டு. உருவத்தில் இவற்றையெல்லாம்விடப் பெரியது, அடிவயிற்றில் பட்டை போட்டிருக்கும். பனைமரம், மரப்பொந்து, மண் பொந்து என்று மறைவான இடத்தில் கட்டும். அதன் கணக்கே வேறு, 21ஆம் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

3. "பேப்பருன்றீங்க, அதுக்கு பேப்பர் எங்கருந்து கிடைக்குது?"

அதுவே செய்துகொள்கிறது. வெயிலிலும் மழையிலும் கிடந்து பெயின்ட் உரிந்து வெளுத்துப்போன மரம்தான் அதற்கு மூலப்பொருள். சாரத்துக்குக் கட்டிய சவுக்குக் கட்டை, மொட்டைமாடிப் புறாக்கூண்டின் பலகை, ஜார்ஜ் டவுன் பழைய வீடுகளின் தேக்குக் கதவு, எல்லாம் அதற்குச் சரி.

காலை வெயில் ஏறிய பிறகு அப்படி ஒரு கட்டைக்குப் பக்கத்தில் அசையாமல் நின்று பாருங்கள். குளவி வந்து உட்கார்ந்து, தாடையால் மரத்தைச் சுரண்டிக்கொண்டே பின்னோக்கி நகரும். தெருச்சத்தம் இல்லாத நேரமாக இருந்தால் அந்தச் சுரண்டல் காதில் விழும். அது கிளம்பிய பிறகு பார்த்தால், சாம்பல் பூத்த கட்டையில் தீக்குச்சி அகலம்கூட இல்லாத வெளிர் கோடு ஒன்று இருக்கும். உரித்த நாரை எச்சிலோடு மென்று கூழ் உருண்டையாக்கிக் கூட்டுக்கு எடுத்துப் போகும். அறையின் விளிம்பில் அதை வைத்து, இரண்டு மீசைகளாலும் சுவரின் இரு பக்கத்தையும் தட்டி அளந்தபடி, மெல்லிய பட்டையாக இழுத்து ஒட்டும். கொஞ்ச நேரத்தில் காய்ந்து காகிதமாகிவிடும். ஒரே கூட்டில் சாம்பல், பழுப்பு, வெள்ளை என்று வரிவரியாக இருந்தால், வேறுவேறு மரங்களிலிருந்து எடுத்த சுமைகள் என்று புரிந்துகொள்ளலாம்.

இதைப் பார்த்துத்தான் பிரான்சு நாட்டு இயற்கை அறிஞர் ரெயோமூர், கந்தல் துணிக்குப் பதிலாக மரத்திலிருந்தே காகிதம் செய்யலாமே என்று 1719இல் எழுதினார். மனிதர்கள் அதைச் செய்துகாட்ட 1840கள் வரை ஆனது.

4. "இம்மாத்தூண்டு காம்புல தொங்குதே, காத்தடிச்சா வுழாதா?"

விழாது. காம்பில் நாரைவிட எச்சில் பசைதான் அதிகம். கூடு பெருக்கப் பெருக்கக் காம்பையும் மேலே மேலே பூசித் தடிமனாக்கிக்கொண்டே இருக்கும்.

ஒற்றைக் காம்பு வைத்ததற்கே காரணம் எறும்புதான். கூட்டில் கிடப்பதெல்லாம் ஓட முடியாத புழு. எறும்புக்கு வழி தெரிந்தால் ஒரே இரவில் காலி. ஒரு காம்பு என்றால் காவல் காக்க ஒரே பாதை. போதாக்குறைக்கு, குளவி தன் அடிவயிற்றை அந்தக் காம்பில் தேய்த்து, எறும்புக்கு ஆகாத ஒரு சுரப்பைத் தடவி வைக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஜீன் தென்னமெரிக்கக் காகிதக் குளவி ஒன்றில் இதை 1970இல் காட்டினார். பிறகு பாலிஸ்டஸ், ரோபாலிடியா இனங்களிலும் இதே பழக்கம் தெரிய வந்தது.

5. "எல்லா ரூமும் கரெக்டா ஆறு மூலை. எப்படி சார்?"

ஆறு பக்கம் என்றால் இடையில் சந்து விழாது, ஒரு சுவர் இரண்டு அறைக்குப் பொதுவாகிவிடும், கூழும் மிச்சம். ஓரத்து அறைகளை உற்றுப் பாருங்கள். பக்கத்து அறை இல்லாத வெளிப்பக்கம் வளைவாகவே இருக்கும். அடுத்த அறை வந்து ஒட்டும்போதுதான் மூலைகள் விழுகின்றன.

6. "சில ரூம் மட்டும் வெள்ளையா மூடிக்கீது. உள்ள தேன் இருக்குமா?"

சொட்டுத் தேன்கூட இருக்காது. அது கூட்டுப்புழு. அறைக்கு ஒரு முட்டை, முட்டையிலிருந்து புழு. வளர்ந்த புழு தானே பட்டு நூற்று அறை வாயை மூடிக்கொண்டு உள்ளே குளவியாக மாறும். அந்த மூடிதான் உங்களுக்கு வெள்ளையாகத் தெரிவது.

சாப்பாட்டு விஷயம் கொஞ்சம் வேடிக்கை. பெரிய குளவிகள் பூந்தேனையும் இனிப்பான சாற்றையும் குடித்துப் பிழைக்கின்றன. வேட்டையாடும் இறைச்சி பிள்ளைகளுக்கு. கம்பளிப்புழு, சிலந்தி என்று பிடித்துவந்து மென்று உருண்டையாக்கி ஊட்டும். பதிலுக்குப் புழு தன் வாயிலிருந்து ஒரு துளி எச்சில் கொடுக்கும். சத்துள்ள அந்தத் துளிக்காகவே பெரியவை அறைக்கு அறை தலையை விட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

7. "ராணிய மட்டும் அடிச்சிட்டா மத்ததெல்லாம் ஓடிடுமா?"

ஓடாது. முதலில், ராணி எது என்றே உங்களால் கண்டுபிடிக்க முடியாது. தேனீயில் ராணி உருவத்திலேயே பெரியவள். ரோபாலிடியாவில் ராணியும் வேலைக்காரிகளும் பார்க்க ஒரே மாதிரி.

இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடம் சொன்னது பெங்களூரு இந்திய அறிவியல் கழகம். அங்கே ராகவேந்திர கடக்கர் நாற்பது வருடத்துக்கும் மேலாக ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற இந்தத் தென்னிந்தியக் குளவியை ஆராய்ந்துவருகிறார். ராணி யாரையும் மிரட்டுவதில்லை. அமைதியாக முட்டை இடுகிறாள், தன் உடம்பின் வாசனையால் "நான் இருக்கிறேன்" என்று தெரிவிக்கிறாள். அவளை எடுத்துவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே வேலைக்காரி ஒருத்தி ஆவேசமாகி மற்றவர்களை முட்டி மோத ஆரம்பிக்கிறாள். சில நாட்களில் அவளும் முட்டை இடத் தொடங்கிச் சாந்தமாகிவிடுகிறாள்.

அடுத்த வாரிசு யார் என்று பார்க்கிற மனிதர்களால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. ஆனால் குளவிகளுக்குத் தெரிந்திருக்கிறது. கூட்டை இரண்டாக வெட்டி நடுவே கம்பி வலை வைத்து, ராணியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிப் பார்த்த சோதனையில், பதவிக்கு வருகிறவளை யாரும் எதிர்க்கவே இல்லை. அதனால் ராணியைக் கொன்று கூட்டை ஒழிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

8. "எல்லாமே கொட்டுமா? ஒரு தடவ கொட்டினா செத்துடும்னாங்களே?"

பெண் மட்டும்தான் கொட்டும். முட்டையிடும் குழல்தான் கொடுக்காக மாறியிருக்கிறது, ஆகவே ஆணுக்கு அது கிடையாது. கூட்டில் வேலை செய்வது, காவல் காப்பது எல்லாம் பெண்கள் என்பதால் உங்களை நோக்கி வருவதைப் பெண் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கொட்டினால் சாவது தேனீ. அதன் கொடுக்கில் முள் உண்டு, நம் தோலில் மாட்டிப் பிய்ந்துவிடும். குளவியின் கொடுக்கு அப்படித் தோலில் மாட்டிக்கொண்டு நிற்காது. ஒரே குளவி திரும்பத் திரும்பக் கொட்டும்.

9. "நாங்க ஒன்னும் பண்ணல சார், சும்மா போனோம். தொரத்திச்சு."

சும்மா போகிறவரை அது துரத்துவதில்லை. கூட்டுக்கு ஆபத்து என்று எதை அது எடுத்துக்கொள்கிறது என்பது நமக்குத்தான் தெரிவதில்லை. முக்கியமானது அதிர்வு. இரும்பு கேட்டை டமாரென்று சாத்துவது, சுவரில் டிரில் போடுவது, கூடு இருக்கிற கொடிக்கம்பியில் துணியை உதறிப் போடுவது. அடுத்தது முகத்துக்கு நேரே கையை வீசுவது. அதற்கும் அடுத்தது, கூட்டுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய் மூச்சு விடுவது. போட்டோ எடுக்கிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். தயவுசெய்து ஜூம் பண்ணி எடுங்கள்.

கொட்டுவதற்கு முன் அது எச்சரிக்கவும் செய்யும். கூட்டில் இருப்பவை எல்லாம் உங்கள் பக்கம் முகத்தைத் திருப்பி, இறக்கையைத் தூக்கி விறைத்து நின்றால் இன்னும் ஓரடி வைக்காதீர்கள். கையை ஆட்டாமல் பின்வாங்குங்கள். ஒன்றை அடித்து நசுக்கினால் நிலைமை மோசமாகும். பல இனங்களில் விஷத்தின் வாசனையே மற்றவற்றை உசுப்பிவிடும்.

10. "கூடு இருந்தா எடுத்தே ஆகணுமா?"

எனக்கு வருவதில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விதான். பெரும்பாலான படங்களுக்கு நான் அனுப்பும் பதில்: "விட்டுவிடுங்கள்." இரண்டாவது மாடி சன்ஷேடுக்கு அடியில், யார் கையும் தலையும் படாத உயரத்தில் இருக்கும் கூடு மாதக்கணக்கில் இருந்தாலும் உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது. அதை எடுக்கப் போகும்போதுதான் கொட்டு வாங்குகிறார்கள்.

ஆகவே கூட்டின் அளவைப் பார்க்காதீர்கள், இடத்தைப் பாருங்கள். கரண்ட் மீட்டர் பெட்டிக்குள், மாடிப்படிக் கைப்பிடிக்குக் கீழே, கேட் தாழ்ப்பாள் பக்கம், கழிவறை ஜன்னலில், ஏ.சி. வெளி யூனிட்டில், ரொம்ப நாளாக எடுக்காத வண்டியின் சீட்டுக்கு அடியில், குழந்தை தொட்டில் கட்டும் இடத்தில் என்றால் எடுத்துவிட வேண்டும். அங்கே பத்துக் குளவி இருந்தாலும் ஆபத்துதான். வீட்டில் யாருக்காவது குளவி கொட்டி உடம்பெல்லாம் தடித்த அனுபவம் இருந்தால் உயரத்தில் இருக்கும் கூட்டையும் ஆள் வைத்து எடுப்பது நல்லது.

11. "விட்டு வெச்சா நமக்கு இன்னா லாபம்?"

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். வெண்டை, கத்திரி, தக்காளி இலையைத் தின்னும் புழுவைத் தேடித் தேடிப் பிடிப்பவை இவை. மாதவரம், புழல் பக்கம் க்ரோ பேக்கில் காய்கறி போடுகிறவர்களிடம், கைக்கெட்டாத கூட்டைக் கலைக்க வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான். கறிவேப்பிலையில் இருக்கும் பட்டாம்பூச்சிப் புழுவையும் அது விட்டுவைக்காது. பட்டாம்பூச்சிக்காகச் செடி வளர்ப்பவர்கள் என்னிடம் சண்டைக்கு வரவேண்டாம்.

12. "மண்ணெண்ண ஊத்தி ஒரு பந்தம் காட்டுனா வேல முடிஞ்சுது. ஏன் இவ்ளோ பேச்சு?"

சன்ஷேடுக்கு அடியில் கேபிள் ஒயர், பக்கத்து வீட்டுக் கொடியில் துணி, ஜன்னலுக்கு உள்ளே கேஸ் சிலிண்டர். நம் தெருக்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் கையகல இடைவெளிகூட இல்லை. இந்த இடத்தில் பந்தம் பிடிக்கிற துணிச்சல் எனக்குப் புரியவே இல்லை. மேலும், கூடு எரியும் அந்தச் சில நொடியில் வெளியே இருந்த குளவிகளும் தப்பியவையும் கீழே நிற்கிற உங்கள் மேல்தான் பாயும். ஏணியில் நின்றிருந்தால் கொட்டைவிட விழுவதுதான் பெரிய காயம்.

கரப்பானுக்கு அடிக்கும் ஸ்ப்ரே வேலை செய்யும், ஆனால் உடனே இல்லை. மருந்து பட்டவை விழுவதற்கு முன் கொஞ்ச நேரம் கண்மண் தெரியாமல் பறக்கும். இன்னொன்று, இந்த ஸ்ப்ரேக்களில் இருக்கும் பைரித்திராய்டு வகை மருந்து மீனுக்குக் கொடிய நஞ்சு. கொளத்தூர் பக்கம் மாடியில் வண்ணமீன் தொட்டி வைத்திருப்பவர்கள் அங்கே இதைத் தெளிக்கவே கூடாது.

13. "அப்போ எப்படித்தான் எடுக்கறது?"

கூடு காசு அளவுதான், ஒன்றிரண்டு குளவிதான் என்றால் சுலபம். பகலில் அவை வெளியே போன நேரம் பார்த்து, நீளமான ஒட்டடைக் கம்பால் காம்போடு தட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். காம்பு ஒட்டியிருந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள்.

நாலைந்துக்கு மேல் இருந்தால் பகலில் தொடக் கூடாது. இருட்டிய பிறகு எல்லாமே கூட்டில் அடங்கியிருக்கும், இருட்டில் அவை பறப்பதும் குறைவு. ஆனால் வெளிச்சத்தை நோக்கிப் பாயும். எனவே டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றுங்கள், சிவப்பு அவற்றுக்குச் சரியாகத் தெரியாது. முழுக்கை சட்டை, ஜீன்ஸ், கையுறை, கண்ணாடி இறக்கிய ஹெல்மெட், கழுத்தில் துண்டு. அகலமான வாயுள்ள பிளாஸ்டிக் டப்பாவைக் கூட்டின் மேல் முழுதாகக் கவிழ்த்து, சுவரை ஒட்டிக் கெட்டி அட்டை ஒன்றை நுழைத்துக் காம்பை அறுத்தால் கூடும் குளவியும் டப்பாவுக்குள். இதெல்லாம் தரையில் நின்றபடி கை எட்டும் உயரத்துக்கு மட்டும். ஏணி தேவை, அல்லது கூடு உள்ளங்கையைவிடப் பெரியது என்றால் பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். அவர்களுக்குக் கொடுக்கும் காசு ஆஸ்பத்திரிச் செலவைவிடக் குறைவு.

14. "கொட்டிடுச்சு! சுண்ணாம்பு தடவலாமா?"

வேண்டாம். குளவி விஷம் தோலுக்கு அடியில் போய்விடுகிறது. மேலே தடவும் சுண்ணாம்போ வினிகரோ அங்கே போய்ச் சேராது. சுண்ணாம்பு காரம் என்பதால் குழந்தையின் தோலைப் புண்ணாக்கும், கண் பக்கம் பட்டால் கேட்கவே வேண்டாம். கொடுக்கைத் தேடிப் பிதுக்குவதும் வீண். 8ஆம் பதிலில் சொன்னபடி குளவி கொடுக்கை விட்டுப் போவதில்லை.

முதலில் அந்த இடத்தைவிட்டு நகருங்கள். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். கையில் கொட்டியிருந்தால் வீங்குவதற்கு முன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள், இதைப் பலர் மறந்துவிட்டு அப்புறம் வெட்டி எடுக்கிறார்கள். கொட்டிய இடம் மட்டும் வீங்கி, சிவந்து, ஒன்றிரண்டு நாள் அரிப்பது சாதாரணம்.

15. "எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?"

கொட்டிய இடத்தை விட்டு வேறு எங்கோ அறிகுறி வந்தால் உடனே. உடம்பெல்லாம் தடிப்பு, உதடு, நாக்கு, கண் இமை வீக்கம், மூச்சிரைப்பு, குரல் கம்முவது, வாந்தி, தலைசுற்றல், மயக்கம். இவை பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வரும். இதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி, வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது. 108ஐக் கூப்பிடுங்கள். காத்திருக்கும்போது ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும். நடக்கவைத்து மாடிப்படி இறக்காதீர்கள். ஸ்டான்லி வரை போக நேரமாகும் போலத் தோன்றினால், அவசரப் பிரிவு உள்ள அருகிலுள்ள எந்த மருத்துவமனையானாலும் சரி.

வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். நிறையக் குளவிகள் சேர்ந்து கொட்டியிருந்தாலும் அப்படியே, குழந்தை, முதியவர் என்றால் கூடுதல் கவனம். அலர்ஜி இல்லாவிட்டாலும் அதிக விஷம் தசையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அடுத்த ஓரிரு நாளில் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ அளவு குறைந்தாலோ திரும்பவும் போய்க் காட்டுங்கள்.

16. "எனக்கு சின்ன வயசுலேர்ந்து கொட்டிக்கிதுப்பா, ஒன்னும் ஆவல. எனக்கு பயம் இல்ல."

முன்பு ஒன்றும் ஆகாதது இனியும் ஆகாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அலர்ஜி பலமுறை கொட்டு வாங்கியவருக்கும் புதிதாக வரும். ஒருமுறை 15ஆம் பதிலில் சொன்ன மாதிரி ஆகியிருந்தால், தேறி வந்த பிறகும் அலர்ஜி மருத்துவரைப் பார்த்து அடுத்த முறைக்கு என்ன கையில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

17. "குளவி, புழுவ கொட்டிக் கொட்டி தன்ன மாதிரியே குளவியாக்கிடும்னு எங்க ஆயா சொல்லும். நெசமா?"

ஆயா கண்ணால் பார்த்தது சரிதான். மண்கூட்டுக்குள் பச்சைப்புழு போகிறது, சில வாரம் கழித்துக் குளவி வெளியே வருகிறது. நடுவில் நடப்பதுதான் கண்ணில் படவில்லை. 2ஆம் பதிலில் சொன்ன தனிக்குளவி புழுவைக் கொட்டி முடக்கி, உயிரோடு அறையில் வைத்து, ஒரு முட்டையும் இட்டு மண்ணால் மூடிவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிக் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்கிறது. வெளியே வருவது தின்றது, தின்னப்பட்டது இல்லை. காகிதக் குளவி இந்த வேலையைச் செய்வதில்லை, அது 6ஆம் பதிலில் சொன்னபடி மென்று ஊட்டும் கட்சி.

18. "கத்திரி வெயில்ல டேங்க் பைப்பாண்டயே சுத்திகினு கீது. தண்ணி குடிக்கவா?"

குடிக்கவும்தான், கூட்டைக் குளிர்விக்கவும்தான். துளித்துளியாகத் தண்ணீர் கொண்டுவந்து அறைகளில் வைத்து, இறக்கையால் விசிறும். கூழ் பிசையவும் தண்ணீர் வேண்டும். குழாய் ஒழுகுவதை நிறுத்தினாலே பாதிக் கூட்டம் குறையும். குழாயடியில் வரும் குளவிக்குக் காவல் புத்தி இல்லை, மேலே கை பட்டு நசுங்காதவரை கொட்டாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கு நேர்மாறு. சாரல் பட்டுக் கூட்டில் நிற்கும் தண்ணீரை வாயால் உறிஞ்சி வெளியே துப்பிக்கொண்டிருக்கும்.

19. "எத்தினி தபா எடுத்தாலும் அங்கயே கட்டுதே?"

அந்த இடம் அதற்குப் பிடித்திருக்கிறது: மழை படாது, மதிய வெயில் படாது, பக்கத்தில் மரமும் தண்ணீரும் உண்டு. குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் கூடு தானாக அழியும். சென்னையில் அந்த வசதி நமக்கு இல்லை, வருடம் முழுக்கக் கட்டும். அதனால் வாரம் ஒருமுறை ஒட்டடை அடிப்பதுதான் மருந்து. ஆரம்பக் கூட்டை அப்போதே தட்டிவிடலாம். மீட்டர் பெட்டி, கேட் குழாய் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். வெளுத்த பலகைக்குப் பெயின்ட் அடித்தால் நார் உரிக்க முடியாமல் போகும்.

20. "நேத்து சாயந்திரம் வரைக்கும் கூட்டமா இருந்துச்சு. காலைல ஒன்னுமில்ல, கூடு பிஞ்சு கிடக்கு. யாராவது மருந்து அடிச்சிருப்பாங்களோ?"

பக்கத்து வீட்டுக்காரர் மேல் சந்தேகப்படுவதற்கு முன் கூட்டைப் பாருங்கள். மூடியிருந்த அறைகள் கடித்துத் திறக்கப்பட்டு உள்ளே காலியாக இருந்தால் கதண்டு வந்து போயிருக்கலாம். பட்டைக் கதண்டுக்குக் காகிதக் குளவியின் புழுதான் விருந்து. அது வந்தால் சின்னக் குளவிகள் பெரும்பாலும் எதிர்த்து நிற்பதில்லை. கூடு முழுசாக இருந்து எறும்பு வரிசை போனால், 4ஆம் பதிலில் சொன்ன காவல் தோற்றுவிட்டது என்று அர்த்தம். கூட்டையே பிய்த்துப் போட்டிருந்தால் தேன்பருந்தாகவும் இருக்கலாம். குளவிப்புழுவும் தேனீப்புழுவும்தான் அந்தப் பறவைக்குச் சாப்பாடு.

ஆள் இல்லாத கூடு ஒன்றும் செய்யாது. இரண்டு மூன்று நாள் பார்த்து, யாரும் திரும்பவில்லை என்றால் எடுத்துவிடலாம். பழைய கூட்டைப் பெரும்பாலும் மறுபடி பயன்படுத்துவதில்லை. எடுத்ததைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், 3ஆம் பதிலில் சொன்ன வரிகள் நன்றாகத் தெரியும்.

21. "பனமரத்துல பெருசா இன்னாவோ கட்டிக்கீது, நாலு பேர கொட்டிடுச்சு. இதுவும் நீங்க சொல்ற குளவிதானா?"

மணலி, எண்ணூர் பக்கம் காலி மனைகளில் பனைமரம் மிச்சமிருக்கும் இடத்திலிருந்து இப்படிக் கேட்கிறார்கள். கதண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். கிட்டே போய் உறுதிசெய்ய வேண்டாம். நம் மாநிலத்தில் கதண்டு கொட்டி உயிர்ச்சேதமே நடந்திருக்கிறது. தெருப்பிள்ளைகள் கல் எறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த வழியை மறித்துவிட்டு 101க்குப் போன் போட்டுத் தீயணைப்பு நிலையத்தில் சொல்லுங்கள். 13ஆம் பதிலில் சொன்ன டப்பா வித்தை இங்கே வேண்டவே வேண்டாம்.

22. "கூடு எங்க செவுத்துல, கொட்டு வாங்கறது பக்கத்து வூட்டு கொழந்த. யாரு எடுக்கணும்?"

சட்டம் என்ன சொல்கிறது என்பதற்குள் நான் போகவில்லை. சுவர் உங்களுடையது என்றால் செலவு உங்களுடையது என்று நினைப்பதுதான் தெருவில் நடமாடுகிறவனுக்கு அழகு. எடுக்கும் நாளையும் நேரத்தையும் பக்கத்து வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லி, அவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்ள அவகாசம் கொடுங்கள். சொல்லாமல் இரவில் கூட்டைத் தட்டிவிட்டு, குளவியெல்லாம் அடுத்த வீட்டு டியூப்லைட்டைப் பார்த்துப் போன கதைகளும் என் காதுக்கு வந்திருக்கின்றன.

23. "ஒரு தபா கல்லெறிஞ்சா ஆள ஞாபகம் வெச்சிகினு பழி வாங்குமாமே?"

கல்லெறிந்த பிறகு அந்தக் கூடு கொஞ்ச காலம் உஷாராக இருக்கும், யார் போனாலும் கொட்டும். அதில் நீங்களும் மாட்டுவீர்கள். ஆள் பார்த்துப் பழிவாங்குவதில்லை. ஆனால் முகம் பார்க்கும் விஷயம் முழுக்கக் கதையும் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் பாலிஸ்டஸ் இனம் ஒன்று தன் கூட்டாளிகளை முகத்தின் வண்ணக் கோலத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்கிறது. எலிசபெத் டிபெட்ஸ் குளவிகளின் முகத்தில் பெயின்ட் தடவி 2002இல் இதைக் காட்டினார். முகம் மாறிய குளவியிடம் கூட்டாளிகள் வம்புக்குப் போயின. அது அவற்றுக்குள் நடக்கும் பஞ்சாயத்து, உங்கள் முகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

24. "புறாக்கூண்டுக்குள்ள கட்டிடுச்சு ண்ணா. மருந்து அடிச்சா புறாவுக்கு ஆவுமா?"

பந்தயப் புறா வைத்திருக்கும் தம்பிகள் கேட்பது. பறவை உள்ளே இருக்கும்போது எந்த ஸ்ப்ரேயும் அடிக்காதீர்கள். மூடிய கூண்டில் அந்தப் புகையைப் புறா சுவாசிக்கக் கூடாது, மருந்து பட்ட தீனியையும் தின்னக் கூடாது. சாயந்திரம் புறாக்களை வேறு கூண்டுக்கு மாற்றி, தீவனத்தையும் தண்ணீர்த் தட்டையும் வெளியே எடுத்துவிட்டு, இருட்டிய பின் 13ஆம் பதிலில் உள்ளபடி டப்பாவில் பிடியுங்கள். மருந்தே வேண்டியதில்லை. மறுநாள் பலகையைக் கழுவிக் காயவைத்துவிட்டுப் புறாக்களை விடுங்கள். வெளுத்த பலகைக்கு வெளிப்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் போதும், உள்பக்கம் அடித்தால் புறா கொத்தித் தின்னும்.